கோணல் ஹாலில் சரவுண்ட் ஸ்பீக்கர்: குறையைக் கேட்டு இடத்தைத் திருத்தும் முறை

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் ஹோம் தியேட்டருக்கென்று தனி அறை ஒதுக்க முடிந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு ஹால்தான் தியேட்டர். அந்த ஹாலும் நேர்ச் செவ்வகமாக அமைவது அபூர்வம். ஒரு பக்கம் சுவர் இருக்கும், மறுபக்கம் சாப்பாட்டு மேசைக்காகத் திறந்து கிடக்கும். பின்னால் பூஜை அறைக் கதவு, மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் கான்கிரீட் தூண், பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு என்று ஒவ்வொன்றும் ஸ்பீக்கர் வைக்க வேண்டிய இடத்திலேயே வந்து நிற்கும். ஸ்பீக்கரோடு வரும் கையேட்டின் படத்தில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

மேற்கு மாம்பலத்தில் என் சித்தப்பா வீட்டு ஹால் அப்படிப்பட்டது. 17 அடி நீளம், 11 அடி அகலம். வலப்பக்கச் சுவர் பாதித் தொலைவிலேயே முடிந்து, அதற்கப்பால் சாப்பாட்டு இடம் எல் வடிவில் விரிகிறது. 5.1 செட்டை (முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் சரவுண்ட் எனப்படும் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர்) பொருத்த வந்தவர், இடப்பக்க சரவுண்டைச் சுவரில் மாட்டினார். வலப்பக்கத்துக்குச் சுவர் இல்லாததால் அதைச் சாப்பாட்டு இடத்தில் இருந்த பாத்திர அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து சித்தப்பா என்னை அழைத்து, "இடது காதுல மட்டும்தான்டா படம் ஓடுது" என்றார். கீழே சொல்லும் முறைகளில் பெரும்பகுதி அந்த ஹாலைச் சரிசெய்தபோது ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தவை.

கோணல் அறைக்கு ஒரே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்பீக்கர் தள்ளி இருப்பதையும் அதன் சத்தம் கூடக்குறைய இருப்பதையும் ரிசீவரின், அதாவது ஒலியைப் பிரித்து எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும் பெட்டியின், செட்டிங்கில் திருத்திவிடலாம். ஆனால் ஸ்பீக்கர் தவறான திசையில் இருப்பதையும், அதற்கும் காதுக்கும் நடுவே ஏதாவது மறைப்பதையும் எந்த ரிசீவராலும் திருத்த முடியாது. ஆகவே டிரில்லும் ஏணியும் திசைக்கு, ரிமோட் தொலைவுக்கு. இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திசையை விட்டுக்கொடுத்து ஸ்பீக்கரை எங்கெங்கோ நகர்த்துவதுதான் நான் பார்த்த வீடுகளில் பாதிக் குறைகளுக்குக் காரணம். அளவை உட்காரும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவரிலிருந்து தொடங்கக் கூடாது.

திசையை அளக்கும் எளிய வழி

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ்.775 பரிந்துரை, சென்டர் ஸ்பீக்கர் இருக்கும் திசையை 0 பாகையாகக் கொண்டு, முன்பக்க இட, வல ஸ்பீக்கர்களை 30 பாகையிலும், சரவுண்டுகளை 100 முதல் 120 பாகைக்குள்ளும் வைக்கச் சொல்கிறது. டால்பியின் வழிகாட்டி 5.1 அமைப்பின் சரவுண்டுகளுக்கு 110 முதல் 120 பாகை என்கிறது. அதாவது சரவுண்ட் என்பது நேர்ப்பக்கவாட்டிலிருந்து சற்றே பின்தங்கிய ஸ்பீக்கர். முதுகுக்குப் பின்னால் வைப்பது அல்ல.

இதை அளக்கக் கோணமானி வேண்டியதில்லை, தரையே போதும். சென்னையின் புதிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி டைல்தான் போட்டிருப்பார்கள். சோபாவின் நடு இருக்கையில் உட்காருபவரின் தலைக்கு நேர்கீழே தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். டைல் இணைப்புக் கோடு டிவியை நோக்கி நேராகப் போனால், அதைக் குறுக்கே வெட்டும் கோடு உங்களுக்கு 90 பாகையைக் காட்டிவிடும். அந்தக் குறுக்குக் கோட்டில் இரண்டு டைல் பக்கவாட்டில் எண்ணி, அங்கிருந்து முக்கால் டைல் பின்னால் வந்தால் அது ஏறத்தாழ 110 பாகை. ஒரு டைலும் இன்னும் நான்கு விரற்கடையும் பின்னால் வந்தால் 120 பாகை. சித்தப்பா வீட்டில் நடு இருக்கையிலிருந்து இடச்சுவர்வரை ஐந்தரை அடி; ஆகவே ஒரு முழு டைல், அதாவது இரண்டடி, பின்னால் வந்த இடம் 110 பாகை, மூன்றடியைச் சற்றே தாண்டிய இடம் 120 பாகை. சுவரில் அந்த ஓரடி இடைவெளிக்குள் ஆணி எங்கே விழுந்தாலும் சரி. மொசைக் தரை உள்ள பழைய வீடுகளில், கொத்தனார்கள் மூலைமட்டம் பார்ப்பதுபோல் மூன்று, நான்கு, ஐந்தடி நூல்களை முக்கோணமாகப் பிடித்துக் குறுக்குக் கோட்டை வரைந்துகொள்ளலாம்.

"பின்னால் இருக்கும் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை"

இடத்தை மாற்றுவதற்கு முன் ரிசீவரின் டெஸ்ட் டோனைப் போடுங்கள். அது ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும்போது எல்லாவற்றிலும் கேட்டால், ஸ்பீக்கரிலும் ஒயரிலும் குறையில்லை. வரும் ஒலியே இரண்டு சேனலாக இருக்கிறது. டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாகவோ ஆப்டிகல் ஒயர் வழியாகவோ ஒலியை எடுக்கும்போது, டிவியின் ஆடியோ செட்டிங் பிசிஎம் என்றிருந்தால் ரிசீவருக்கு ஸ்டீரியோ மட்டுமே போகும். அதை பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றிவிட்டு, 5.1 என்று தெளிவாகக் குறிக்கப்பட்ட ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் சரவுண்ட் ஏறக்குறைய மௌனமாகத்தான் இருக்கும். அதைக் குறையென்று நினைத்து அளவை ஏற்றிவைத்தால், மழைக் காட்சி வரும்போது ஒலி முழுதும் பின்னாலிருந்து கொட்டும்.

"ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் கேட்கிறது"

சித்தப்பா சொன்ன குறை இதுதான், கோணல் ஹால்களில் மிக அதிகமாகக் காணப்படுவதும் இதுதான். அங்கே இடது சரவுண்ட் நடு இருக்கையிலிருந்து ஐந்தரை அடியிலும் வலது சரவுண்ட் ஒன்பது அடியிலும் இருந்தன. மூன்றரை அடி வித்தியாசத்தைக் கடக்க ஒலிக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். அத்துடன், திறந்த வெளிக் கணக்குப்படி தொலைவு இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், வலப்பக்கம் ஏறத்தாழ 4 டெசிபல் மெலிந்து வருகிறது. நமக்கு 4 டெசிபலைவிட அந்த 3 மில்லிசெகண்ட்தான் பெரிய எதிரி. ஒரே ஒலி இரண்டு திசைகளிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், எது முதலில் வந்ததோ அதன் திசையையே காது நம்பும். ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை ஆய்ந்து காட்டியதால் ஹாஸ் விளைவு என்ற பெயர் நிலைத்தது. பிந்தி வரும் ஒலி ஓரளவு உரக்க வந்தாலும் காது ஏமாறாது. வலது ஸ்பீக்கரின் வால்யூமை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது பலன் தராததற்குக் காரணம் இதுவே.

ஆகவே முதலில் தொலைவைத் திருத்துங்கள். அளவுநாடாவின் ஒரு முனையை நடு இருக்கையில் காது இருக்கும் உயரத்தில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை ஸ்பீக்கரின் முகப்புவரை இழுத்து, தரைவழியாக அல்லாமல் நேர்கோட்டில் அளந்து, ரிசீவரின் ஸ்பீக்கர் டிஸ்டன்ஸ் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்ணை இடுங்கள். அருகிலிருக்கும் ஸ்பீக்கரை ரிசீவர் தேவையான அளவு தாமதித்து ஒலிக்கச் செய்யும். அதன் பிறகே லெவல். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, டெஸ்ட் டோனை ஓடவிட்டு, காது இருக்கும் இடத்தில் செல்போனை வைத்து டெசிபல் காட்டும் செயலியில் எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே எண்ணைக் காட்டும்வரை திருத்துங்கள். செல்போன் காட்டும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்காதீர்கள். உங்கள் உடம்பே ஒரு பக்க ஒலியை மறைத்துவிடும். சோபாவின் முதுகில் ஒரு தலையணையை நிறுத்தி அதன் மேல் வையுங்கள்.

நடு இருக்கையில் சரியாகி, ஓரத்தில் உட்காருபவருக்கு மட்டும் குறை நீடித்தால், அதற்கு மருந்து செட்டிங்கில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. ஓரத்தில் இருப்பவரின் காதுக்கு இடது ஸ்பீக்கர் இரண்டடியிலும் வலது ஸ்பீக்கர் ஏழடியிலும் இருப்பதாகக் கொள்ளுங்கள். அருகிலுள்ளது 11 டெசிபல் மிகுந்து கேட்கும். இரண்டையும் காது மட்டத்திலிருந்து மூன்றடி மேலே ஏற்றினால், நேர்கோட்டுத் தொலைவுகள் 3.6 அடியும் 7.6 அடியும் ஆகிவிடுவதால் வித்தியாசம் ஆறரை டெசிபலுக்கு இறங்கிவிடும். மூவர் உட்காரும் வீட்டில் இந்த மாற்றம் உடனே தெரியும். கூரையிலும் ஸ்பீக்கர் உள்ள அட்மாஸ் அமைப்பானால் இவ்வளவு ஏற்றக் கூடாது. மேலே கேட்க வேண்டியதும் பக்கத்தில் கேட்க வேண்டியதும் ஒன்றாகிவிடும்.

"ஸ்பீக்கர் மாட்ட அந்தப் பக்கம் சுவரே இல்லை"

தொலைவை ரிசீவர் திருத்திவிடும் என்பதால் பாத்திர அலமாரியையே இடமாக வைத்துக்கொள்ளலாமே என்று சித்தப்பாவும் கேட்டார். அலமாரி நடு இருக்கையிலிருந்து பார்த்தால் 140 பாகையில் இருந்தது. நடுவே சாப்பாட்டு நாற்காலிகளின் முதுகுகள் வேறு. இது திசைக்குறையும் மறைப்பும் சேர்ந்தது, ரிமோட்டால் ஆகாது.

சுவர் முடியும் இடத்தில் மேலே பார்த்தால் பெரும்பாலும் ஒரு பீம் அதே கோட்டில் தொடர்ந்து போகும். அந்த பீமின் அடியிலிருந்து ஒரு ஜிஐ பைப்பை இறக்கி, அதன் நுனியில் ஸ்பீக்கரைத் தொங்கவிடுவதுதான் நாங்கள் செய்தது. அதன் கீழே ஆட்கள் நடந்து போவதால் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் நிறுத்தி, முகப்பை நடு இருக்கையை நோக்கிச் சாய்த்தோம். இடச்சுவர் ஸ்பீக்கரையும் கழற்றி அதே உயரத்துக்கும் அதே சாய்வுக்கும் கொண்டுவந்தோம். இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பது முக்கியம். ஒன்று காது மட்டத்திலும் மற்றொன்று தலைக்கு மேலும் இருந்தால், இடமிருந்து வலம் பறக்கும் ஹெலிகாப்டர் நடுவழியில் மேலேறிப் போவதுபோல் கேட்கும். பீமில் துளையிடும்போது டிரில் கம்பியில் தட்டினால் அங்கேயே நிறுத்தி, இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போட வேண்டும். கம்பியை அறுத்துக்கொண்டு உள்ளே போகவே கூடாது. அது வீட்டைத் தாங்கும் கம்பி. வாடகை வீட்டில் துளை போட முடியாதென்றால், அடிப்பாகம் கனமான ஸ்டாண்டைச் சாக்பீஸ் குறியில் நிறுத்துவதே வழி.

இப்படி ஒன்று சுவரோடும் மற்றொன்று வெளியிலும் நிற்கும்போது, சுவர்ப்பக்கம் இருப்பது சற்றே கனத்துக் கேட்கும்; சுவர் தாழ்ந்த ஒலிகளைத் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். இரண்டையும் ரிசீவரில் ஸ்மால் என்று குறித்து, கிராஸ் ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதற்குக் கீழுள்ளவை சப்வூஃபருக்குப் போய்விடும். எஞ்சிய வேறுபாடு படம் பார்க்கும்போது தெரியாத அளவுக்கு இறங்கிவிடும்.

"சோபா பின்சுவரை ஒட்டியே இருக்கிறது, பின்னால் வைக்க இடமில்லை"

சுவரை ஒட்டி உட்காருபவருக்கு 110 பாகை என்பது சுவருக்குள் போய்விடுகிறது. முடிந்தால் சோபாவை இரண்டடி முன்னால் இழுங்கள். ஹாலை அடைத்துவிடும் என்று வீட்டில் தயக்கம் வரலாம். சித்தி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சோபாவுக்குப் பின்னால் பூஜை அறைக்கு நேர்வழி கிடைத்ததும் அவருக்கே அது பிடித்துவிட்டது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இழுக்க இடமே இருக்காது. அங்கே சரவுண்டுகளை நேர்ப்பக்கவாட்டில், 90 பாகையில், காதுக்கு மேல் இரண்டு அல்லது மூன்றடி உயரத்தில் மாட்டி, முகப்பை உட்காருபவரின் காதை நோக்கித் திருப்பாமல் எதிர்ச்சுவரின் மேல்பகுதியை நோக்கித் திருப்புங்கள். நேராகக் காதில் விழும் ஒலி குறைந்து, அறையில் பட்டு வரும் ஒலி கூடுவதால், ஸ்பீக்கர் பெட்டி இருக்கும் புள்ளி மறைந்து ஒலி பரவி நிற்கும். இத்தகைய அறையில், பின்பக்கம் மேலும் இரண்டு ஸ்பீக்கர் சேரும் 7.1 வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பின்பக்க ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 பாகையில் இருக்க வேண்டியவை. அவற்றைத் தலைக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவில் அறைந்து வைத்தால் மற்ற ஐந்தும் கேட்காமல் போய்விடும். அந்த இரண்டையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ரிசீவரில் சரவுண்ட் பேக் இல்லை என்று குறித்தால், அவற்றின் ஒலி பக்கவாட்டு ஸ்பீக்கர்களிலேயே சேர்ந்து வந்துவிடும். எதையும் இழக்க மாட்டீர்கள்.

"எல்லாம் ஒலிக்கிறது, ஆனால் ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை"

தலைக்குள் அமுங்கியதுபோல, பொள்ளலாக, திசையற்றுக் கேட்டால் ஒரு ஸ்பீக்கரின் ஒயரில் பிளஸும் மைனஸும் தலைகீழாகியிருக்கும். நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப்போட்ட இடத்தில்தான் இது பெரும்பாலும் நேரும். இரண்டு இழைகளும் ஒரே நிறத்தில் இருந்தால், ஒன்றின் மேல் ஓடும் மெல்லிய கோட்டையோ விரலில் தட்டுப்படும் வரியையோ அடையாளமாகக் கொள்ளுங்கள். ஐயம் தீரவில்லையென்றால் ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றி, ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையை பிளஸ் ஒயரிலும் மைனஸை மற்றதிலும் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், கோன், அதாவது நடுவில் அதிரும் கூம்பு, வெளிநோக்கி அசைவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது. சுவருக்குள் ஓடும் மின்சாரக் குழாயில் இடமிருக்கிறது என்று ஸ்பீக்கர் ஒயரையும் அதே குழாயில் இழுத்துவிட எலெக்ட்ரீஷியன் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அது உயிருக்கே ஆபத்தானது. சுவரோரமாகத் தனி கேசிங் பட்டையில் கொண்டுபோவதே முறை.

"சத்தம் கூர்மையாகக் காதைக் குத்துகிறது, எதிரொலிக்கிறது"

பூசிய செங்கல் சுவர், டைல் தரை, கான்கிரீட் கூரை, கண்ணாடிக் கதவு: நம் ஹாலில் ஒலியை உறிஞ்சும் பொருள் எதுவுமே இல்லை. நடு ஹாலில் நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். தட்டலுக்குப் பின் 'டர்ர்' என்று ஓர் அதிர்வு ஓடினால், எதிரெதிரே உள்ள இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன. சரவுண்டுக்கு எதிரே பால்கனிக் கண்ணாடி இருந்தால் இதைவிடக் கெடுதல். இடது ஸ்பீக்கரின் ஒலி வலப்பக்கக் கண்ணாடியிலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

எந்த இடத்தை மூட வேண்டும் என்பதை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி காட்டிவிடும். நீங்கள் நடு இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரை அந்தக் கண்ணாடியைக் காது உயரத்தில் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கரின் முகப்பு உங்களுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலியும் பட்டுத் திரும்புகிறது. அங்கே புத்தக அலமாரியோ மடிப்புகள் நிறைந்த கனத்த திரைச்சீலையோ வந்தால் போதும், சுவர் முழுவதையும் மூட வேண்டியதில்லை. தரையில் விரிக்கும் ஜமக்காளம் மெல்லியதாக இருப்பதால் மிகக் கூரிய ஒலிகளை மட்டுமே தணிக்கும். ஹாலில் பகலில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தையைச் சோபாவுக்குப் பின்னால் நிறுத்திவைத்துப் பாருங்கள், அது நன்றாக வேலை செய்கிறது.

"ஓர் இருக்கையில் அதிர்கிறது, பக்கத்து இருக்கையில் ஒன்றுமே இல்லை"

இது சரவுண்டின் குறையல்ல, சப்வூஃபரின் இடம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில தாழ்ந்த ஒலிகள் தேங்கி நிற்கும்: 17 அடிக்கு ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸ், 11 அடிக்கு 52 ஹெர்ட்ஸ். சுவரோரம் அவை பருத்தும் நட்டநடுவில் மெலிந்தும் இருக்கும். எல் வடிவ ஹாலில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதால் காதாலேயே தேட வேண்டும். சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவின் நடு இருக்கையில் வைத்து, தாழ்ந்த ஒலி தொடர்ந்து வரும் ஒரு பாடலைப் போட்டுவிட்டு, சப்வூஃபரை வைக்கக்கூடிய மூலைகளிலெல்லாம் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்திக் கேளுங்கள். எந்த மூலையில் ஒலி ஊதாமலும் மெலியாமலும் சீராகக் கேட்கிறதோ, சப்வூஃபரை அங்கே மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் கடகடத்தால் அது அறையின் ஒலியல்ல; பீரோ மேல் அடுக்கிய பாத்திரம், ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி இவற்றில் ஒன்றாக இருக்கும். கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

"ஒரு ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்கிறது"

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று செம்பு ஒயரின் நுனியைப் பச்சையாக்கிவிடும். கருத்தோ பச்சை படிந்தோ உள்ள நுனியை ஓர் அங்குலம் வெட்டி, புதிதாக உரித்து, இழைகளை நன்றாக முறுக்கி இறுக்குங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும் பனானா பிளக்கில் பொருத்திவிட்டால் அடிக்கடி கழற்றி மாட்டும் தொல்லையும் குறையும்.

"போன வாரம்வரை நன்றாக இருந்தது"

எதுவும் பழுதாகாமலே இது நடக்கும். தீபாவளிக்குத் துவைக்கப் போன திரைச்சீலை, திறந்து வைத்த படுக்கையறைக் கதவு, விருந்தினருக்காக அரையடி நகர்ந்த சோபா இவற்றில் எதுவும் காரணமாகலாம். அடிக்கடி நேர்வது, தரை துடைக்கும்போது ஸ்டாண்ட் திரும்பிவிடுவது. சாக்பீஸ் குறி முதல் துடைப்பிலேயே அழிந்துவிடும். எல்லா அளவும் முடிந்து, நடு இருக்கையில் உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்துத் திருப்தியான மறுநாள், சோபாவின் நான்கு கால்களுக்கும் ஸ்டாண்டின் அடித்தட்டுக்கும் ஓரமாக, டைல் இணைப்புக் கோட்டின் மேல் நகப்பூச்சால் சிறு புள்ளிகள் வைத்துவிடுங்கள். சித்தப்பா வீட்டில் அவை சிவப்பு. வீட்டைத் துடைக்க வரும் அம்மாவே இப்போது சோபாவைப் புள்ளிக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்.